அப்பாவுக்கு சளி பிடித்தால் ஆஸ்பத்திரிதான்: சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

சிறுமலைமகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும்வரை நூல் மில்லில் ப்ளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) வேலை, கூடவே பீடி. பீடியை விட்டுவிட்டார். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனைக்கு ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நோய், என்று எழுதிக் கொடுத்தார்கள். சாதாரண நாளில் பரவாயில்லை, கடைத்தெரு வரை தனியாக நடந்து போய் வருவார். சளி பிடித்தால்தான் கதை மாறுகிறது. எனக்கும் பையனுக்கும் மூக்கு ஒழுகி நாலு நாளில் நின்றுவிடுகிற அதே சளி, அவரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிடுகிறது. போன மழைக்காலத்தில் இப்படித்தான், அதற்கு முந்தியதிலும் இப்படித்தான்.

இப்போது பையன் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்திருக்கிறான். அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் கேட்டால் "அதிகமானால் உடனே கூட்டிக்கொண்டு வாங்க" என்கிறார். உடனே என்றால் எப்போது? மூக்கு ஒழுகும்போதா, இருமல் வந்த பிறகா, மூச்சு வாங்கும்போதா? சீக்கிரம் போனால் "சாதாரண சளிதான்" என்று அனுப்பிவிடுகிறார்கள், தாமதித்தால் "ஏன் இவ்வளவு லேட்" என்கிறார்கள். வீட்டில் இதே பாடு படுகிறவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்வேம்பு:

நொச்சி இலை, மஞ்சள் போட்டு காலையும் மாலையும் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். தயிர், வாழைப்பழம், இளநீர் மூன்றையும் நிறுத்துங்கள். பாதி சரியாகிவிடும்.

ரிங்ஃப்ரேம்:

தங்கச்சி, நானும் மில்காரன்தான், எனக்கும் அதே நோய்தான். அதனால் டாக்டர் பாஷையில் சொல்லாமல் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்களுக்குச் சளி என்பது மூக்கில் இருக்கும்போது ஒன்றுமே இல்லை. மூக்கு ஒழுகும், தும்மல் வரும், நாமும் மற்றவர்கள் மாதிரிதானே என்று தோன்றும். அப்புறம் மூக்கு காயும். வீட்டில் எல்லோரும் "சரியாயிடுச்சு" என்பார்கள். அந்த நேரத்தில்தான் அது நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு உட்காரத் தோன்றும். அதுதான் அடையாளம். நெஞ்சு கீச்சிடும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

ஆகவே நான் பார்ப்பது மூக்கை அல்ல. நல்ல நாளில் என்னால் எதெல்லாம் முடியும் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கிறது. மாடிப்படி ஏறி எத்தனாவது படியில் நிற்பேன், காலையில் துப்பும் கோழை எவ்வளவு, என்ன நிறம், ராத்திரி எத்தனை தலையணை வைத்துத் தூங்குவேன். இந்தக் கணக்கு மாறி இரண்டு நாள் ஆகியும் திரும்பவில்லை என்றால் டாக்டருக்குப் போன். அப்பாவிடம் இந்த நல்ல நாள் கணக்கைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் ஆட்கள் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதை ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே சொல்வார்கள், அதனால் நீங்களும் கவனிக்க வேண்டும்.

தயிர் விஷயம்: நான் தினமும் சாப்பிடுகிறேன். இளைத்துப் போன உடம்புக்கு அதையும் நிறுத்தினால் என்ன மிச்சம்?

குழல்பார்வை:

நெஞ்சுநோய்ப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் மருத்துவர் நான். ரிங்ஃப்ரேம் ஐயா சொன்னதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

சளிக்கு முக்கியக் காரணம் ரைனோவைரஸ். அதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒரு தரம் வந்தால் மறுபடி வராது என்ற பேச்சுக்கே இடமில்லை, தடுப்பூசியும் இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாலியா, ஜான்ஸ்டன் குழுவினர், சம்மதம் தெரிவித்த சி.ஓ.பி.டி. நோயாளிகளின் மூக்கில் இந்த வைரஸை அவர்களே விட்டு, அடுத்து என்ன நடக்கிறது என்று நாள்வாரியாகப் பார்த்தார்கள். 2011லும் 2012லும் முடிவுகள் வெளிவந்தன. முதலில் மூக்கு அறிகுறிகள், சில நாள் கழித்து நெஞ்சு அறிகுறிகள். கோழையில் வைரஸின் அளவு 5 முதல் 9 நாளுக்குள் உச்சத்துக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நோயாளிகளில் 60 சதவீதம் பேருக்கு வைரஸைத் தொடர்ந்து பாக்டீரியாத் தொற்றும் வந்தது. நுரையீரல் நல்ல நிலையில் இருந்தவர்களில், புகைப்பவரோ புகைக்காதவரோ, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பாக்டீரியாவின் அளவு உச்சத்துக்குப் போனது 15ஆம் நாள் வாக்கில். அதாவது எல்லோரும் சளியையே மறந்துவிட்ட பிறகு.

ஏன் இப்படி? நம் மூச்சுக்குழாய்ச் சுவர் கிருமிகளைக் கொல்லும் சில புரதங்களைச் சுரக்கிறது. வைரஸை எதிர்க்க வெள்ளையணுக்கள் திரண்டு வரும்போது அவை விடும் நொதி அந்தப் புரதங்களையும் சேர்த்து அரித்துவிடுகிறது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இந்த வெள்ளையணுக் கூட்டம் ஏற்கெனவே அதிகம். கோழையை மேலே தள்ளும் நுண்ணிய முடிகளும் வருஷக்கணக்கான புகையிலும் பஞ்சுத் தூசியிலும் சேதமாகியிருக்கும். குழாய் வேறு குறுகலானது. குழாயின் ஆரம் பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. நல்ல நுரையீரல் இருப்பவருக்கு உள்சுவர் கொஞ்சம் வீங்கினால் தெரியக்கூடத் தெரியாது. அப்பாவுக்கு அதே வீக்கம் மூச்சையே நிறுத்தப் பார்க்கும்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: மூக்கு ஒழுகும் அன்றே ஓடி வர வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து இரண்டு வாரம் கண்ணை எடுக்காதீர்கள்.

சிறுமலைமகள்:

15ஆம் நாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. மூக்கு நின்றதும் நான், மருந்தை ஆவி மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசரைக் கழுவி அலமாரியில் வைத்துவிடுவேன்.

மருந்துக்கடை_ராத்திரி:

மெடிக்கலில் நைட் டியூட்டி பார்ப்பவன். இந்த இழைக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் டாக்டருக்கு முன்னால் எல்லோரும் வருவது எங்களிடம்தான். "அண்ணா, சளிக்கு ரெண்டு செட் மாத்திரை." வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் யார், என்ன மருந்து ஏற்கெனவே ஓடுகிறது, யாரும் சொல்வதில்லை, கடையில் கூட்டம் இருந்தால் யாரும் கேட்பதும் இல்லை.

சளி மாத்திரை என்று வாங்குவதில் பொதுவாக மூன்று இருக்கும். பாராசிட்டமால், அதில் பிரச்சினை இல்லை. மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், இதை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்கு உதவுவதில்லை என்று 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. மூன்றாவது குளோர்ஃபெனிரமின், தூக்க மருந்து மாதிரி அசத்தும், கோழையையும் கெட்டியாக்கலாம். டையோட்ரோபியம் மாதிரி இன்ஹேலர் எடுக்கும் ஆண்களுக்கு, அதிலும் புராஸ்டேட் வீக்கம் இருந்தால், இதையும் சேர்த்துப் போட்டு மூத்திரம் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கோடீன் கலந்த இருமல் சிரப் இன்னும் மோசம். இருமலை அடக்கினால் கோழை உள்ளேயே தங்கும், மூச்சின் வேகத்தையும் அது குறைக்கும்.

அடுத்தது டெரிஃபிலின். நம் ஊரில் பாதி இளைப்புக்காரர்கள் வருஷக்கணக்காக இதைத்தான் போடுகிறார்கள். அதில் இருப்பது தியோஃபிலின் வகை. இதோடு சளிக்கு என்று சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ வாங்கிப் போட்டால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறிவிடும். வாந்தி, படபடப்பு, கை நடுக்கம், சில நேரம் வலிப்பு வரைக்கும் போகும். "சளி முத்திப்போச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், காரணம் மாத்திரைகளின் சேர்க்கையாக இருக்கும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் ஆகவே ஆகாது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் இழுப்பு வந்துவிடும்.

தீர்வு ரொம்பச் சுலபம். அப்பா எடுக்கும் மருந்துகளின் சீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

கரிசல்வேம்பு:

இதனால்தான் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறேன். ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி இருக்க இந்த வம்பெல்லாம் எதற்கு? நம் பாட்டிமார்கள் எந்த இன்ஹேலர் வைத்திருந்தார்கள்?

குழல்பார்வை:

வேம்பு அண்ணா, ஆடாதோடையை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எழுதும் கோழை இளக்கி மருந்தான ப்ரோம்ஹெக்சின், ஆடாதோடையில் இருக்கும் வாசிசினை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான். அம்ப்ராக்சால் அதிலிருந்து வந்தது. தூதுவளை ரசம் வைத்துக் கொடுங்கள், சூடாக உள்ளே போனால் தொண்டைக்கு இதம், கொஞ்சம் சாப்பாடும் இறங்கும். ஆனால் குறுகிய குழாயை விரிக்கும் வேலை இன்ஹேலருடையது. ஒன்று இன்னொன்றுக்குப் பதில் ஆகாது.

பாட்டிமார்கள் இன்ஹேலர் இல்லாமல் எப்படி இருந்தார்கள் என்றால், பலர் மூச்சுத் திணறலோடுதான் இருந்தார்கள், அதை "வயசாயிடுச்சு" என்றோம். பீடியைத் தொடாத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் இதே நோய் வருகிறது. இந்தியாவில் 2016ல் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018ல் வந்த கணக்கு சொல்கிறது. 1990ல் அது 2.8 கோடி.

ஆவி பற்றி: அது சளியின் போக்கை மாற்றுவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. மூக்குக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும், அவ்வளவே. போர்வை மூடிக்கொண்டு கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனியும்போது வயதானவர்கள் மயங்கி அதன் மேலேயே சரிந்து வெந்துபோய் வந்ததை டியூட்டியில் பார்த்திருக்கிறேன். யூகலிப்டஸ் தைலத்தின் காட்டமே சிலருக்கு இருமலைக் கிளப்பும்.

கரிசல்வேம்பு:

சரி தம்பி, ரசத்துக்காவது அனுமதி கொடுத்தீர்களே. ஆவியை விட மாட்டேன், ஆனால் பாத்திரத்துக்குப் பதில் மூடி வைத்த மிஷின் வாங்குகிறேன்.

பாலாற்றங்கரை:

எனக்கு சி.ஓ.பி.டி. இல்லை, பழைய டி.பி. வந்து போன நுரையீரல். மூச்சுக்குழாய்கள் அங்கங்கே விரிந்து பை மாதிரி ஆகிவிட்டன, பிராங்கியெக்டேசிஸ் என்கிறார்கள். டி.பி. முழுக்க குணமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு சளிக்கும் சொந்தக்காரர்கள் "திரும்ப வந்திருக்குமோ" என்று தட்டை ஒதுக்கி வைக்கிறார்கள். அந்த வலி தனி.

இங்கே ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். கோழை நிறம் மாறினால் கவனி என்கிறீர்கள். எங்களுக்கு நல்ல நாளிலேயே மஞ்சள்தான். ஆகவே நிறம் மட்டும் போதாது. அளவு கூடுகிறதா, கெட்டியாகி வெளியே வர மறுக்கிறதா, நாற்றம் மாறுகிறதா, அதைத்தான் பார்க்கிறேன். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் கோழையைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் மாற்றி மாற்றி மருந்து போகும். ரத்தம் வந்தால், கீற்றாக இருந்தால்கூட அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கோப்பை அளவுக்கு வந்தால் வேறு யோசனையே கிடையாது, 108தான்.

எனக்கு மருந்தைவிட உதவியது கோழையை வெளியே எடுக்கும் பயிற்சி. தாம்பரம் சானடோரியத்தில் (1928ல் சவுரி முத்து டாக்டர் ஆரம்பித்தது, இப்போது அரசு நெஞ்சக மருத்துவமனை) ஒரு பிசியோதெரபி அம்மா கற்றுக் கொடுத்தார். தொண்டை கிழிய இருமக் கூடாது. கொஞ்ச நேரம் சாதாரண மூச்சு, அப்புறம் சில ஆழ்ந்த மூச்சு, அப்புறம் வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல "ஹா" என்று ஊத வேண்டும். கோழை தானாக மேலே ஏறி வரும். சளி பிடித்த நாட்களில் இதைக் காலையும் மாலையும் விடாமல் செய்கிறேன். சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் கோழை அதிகம் வருபவர்களுக்கும் இது உதவும் என்றார். உங்கள் அப்பாவுக்குச் சரிப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிங்ஃப்ரேம்:

டாக்டர் தம்பி, இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களே, அது அவசியமா? சளி வைரஸ் என்றால் அதற்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

குழல்பார்வை:

நியாயமான கேள்வி ஐயா. கனடாவின் வினிபெக்கில் ஆந்தனிசன் என்பவர் 1987ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த அளவுகோலைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். மூச்சுத் திணறல் கூடியிருக்கிறதா, கோழையின் அளவு கூடியிருக்கிறதா, கோழை சீழ் போல மாறியிருக்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்றும் இருந்தால் ஆன்டிபயாடிக்கால் பலன் அதிகம். இரண்டுதான் என்றால் அதில் ஒன்று சீழ் நிறமாக இருக்க வேண்டும். வெறும் மூக்கொழுகலுக்கும் வெள்ளைக் கோழைக்கும் வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரை வேறு கணக்கு. மூச்சு உண்மையிலேயே மோசமானால் பிரெட்னிசொலோன் கொடுப்போம். முன்பெல்லாம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் நடந்த ரெட்யூஸ் என்ற ஆய்வு 2013ல் 5 நாள் போதும், 14 நாள் கொடுத்தாலும் கூடுதல் பயன் இல்லை என்று காட்டியது. சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த ஐந்து நாளும் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய சீட்டை வைத்து நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள். அடிக்கடி மோசமாகும் ஆட்களுக்கு, எந்த அறிகுறிக்கு எந்த மாத்திரை என்று முன்கூட்டியே எழுதி, கையில் ஒரு செட் கொடுத்து வைப்பதும் உண்டு. அதை உங்கள் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குவதெல்லாம் சளி அல்ல. கால் வீங்கியிருந்தால், நெஞ்சு வலித்தால், படுத்தால் மூச்சு முட்டினால் இதயமாக இருக்கலாம். நுரையீரல் இப்படிச் சீறும் நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஸ்காபரோ_ராணி:

நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். தடிமன் (சளி) வந்தால் அம்மா பள்ளிக்கு விடமாட்டா. இங்கே என் மகளுக்கும் ஆஸ்துமா.

இங்கே ஒவ்வொரு செப்டம்பரும் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து சில வாரத்தில் ஆஸ்துமாப் பிள்ளைகள் எமெர்ஜென்சியை நிறைத்துவிடுவார்கள். ஒன்டாரியோ ஆய்வாளர்கள் இதைப் பல வருடக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆண்டின் 38ஆவது வாரம், அதாவது செப்டம்பர் மூன்றாம் வாரம்தான் உச்சம். முக்கியக் காரணம் ரைனோவைரஸ். கோடையில் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டு, வகுப்புக்குள் அனுப்புவதும் ஒரு காரணம். அதனால் மகளின் டாக்டர் ஆகஸ்டிலேயே தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கச் சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்கு வந்து சில நாள் கழித்து வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் வரும்.

அக்கா, உங்கள் பிள்ளை கொண்டு வந்ததும் அதே வழிதான்.

சிறுமலைமகள்:

அதுதான் அடுத்த சங்கடம். பையனைத் தாத்தாவிடமிருந்து பிரிக்கச் சொல்லி மாமியார் ஒரு பக்கம். "பேரனைத் தொடாம நான் எதுக்கு உயிரோட இருக்கணும்" என்று அப்பா ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் தூங்குகிறார்கள்.

பாலாற்றங்கரை:

கொரோனா காலத்தில் எனக்கு ஒரு சளிகூட வரவில்லை. மாஸ்க், கை கழுவுதல், யார் வீட்டுக்கும் போகாமல் இருந்தது. இப்போது மாஸ்க் போட்டால் கல்யாண வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

குழல்பார்வை:

உங்களுக்கு மட்டுமல்ல அம்மா. பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஊரடங்கு காலத்தில் சி.ஓ.பி.டி. மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தார்கள். வார்டு காலியாகக் கிடந்ததற்கு பயந்துகொண்டு வராததும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே அல்ல.

அக்கா, தாத்தாவையும் பேரனையும் ஒரேயடியாகப் பிரிக்க வேண்டாம். பையனுக்கு மூக்கு ஒழுகும் நாட்களில் மட்டும் தனிப் படுக்கை. ஒரே தம்ளர், ஒரே துண்டு வேண்டாம். ரைனோவைரஸ் கையில்தான் அதிகம் பயணம் செய்கிறது: பையன் மூக்கைத் துடைப்பான், தாத்தாவின் கையைப் பிடிப்பான், தாத்தா கண்ணைக் கசக்குவார். ஆகவே பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழைக்காலத்தில் நாம் செய்யும் பெரிய தப்பு, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கொசுவத்தி கொளுத்துவது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அப்பா இருக்கும் அறைக்கு வேண்டாம்.

தடுப்பூசி பேச்சையும் எடுத்துவிடுகிறேன். சளிக்கு இல்லை என்றேன், ஃப்ளூவுக்கு உண்டு. வட மாநிலங்கள் பலவற்றில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறுவதாக கண்காணிப்பு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே நமக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டுக்கொள்வது நல்லது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் கேளுங்கள்.

மருந்துக்கடை_ராத்திரி:

அந்த அக்டோபர் நவம்பரில்தான் தீபாவளியும் வருகிறது. மழை, சளி, வெடிப்புகை மூன்றும் ஒரே வாரத்தில். எங்கள் கடையில் நெபுலைசரில் ஊற்றும் மருந்துக் குப்பி (ரெஸ்ப்யூல்) அதிகம் விற்பது அந்த வாரம்தான். அப்புறம் போகிக்கு ஒரு சுற்று. டயரை எரிக்காதீர்கள் என்று வருஷா வருஷம் மைக் கட்டிச் சொல்கிறார்கள், எரிக்கிறவன் எரித்துக்கொண்டேதான் இருக்கிறான்.

தெற்குவாசல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாமாவுக்கு சி.ஓ.பி.டி. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. சளி பிடித்து ஆக்சிமீட்டரில் 91 காட்டினால் நாங்களே 5 லிட்டர் வைத்து 99க்குக் கொண்டுவந்துவிடுகிறோம். டாக்டருக்கு முன்னால் இதுவே போதும்தானே?

குழல்பார்வை:

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது நாங்கள் குறிவைப்பது 88 முதல் 92. 99 அல்ல. சிலருக்கு உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அது இன்னும் ஏறி, ஆள் சுகமாகத் தூங்குவது போல இருக்கும், எழுப்பினால் எழமாட்டார். ஆக்சிமீட்டர் அப்போதும் 99 காட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010ல் வெளியிட்டார்கள். அளந்து கொடுத்தவர்களைவிட, முகமூடி வைத்து அள்ளிக் கொடுத்தவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது.

மாமாவுக்கு நல்ல நாளில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து எழுதி வையுங்கள். நல்ல நாளிலேயே 91 என்றால் அந்த எண் ஒன்றும் புதிதல்ல. 96 இருந்தவர் 91க்கு வந்திருந்தால் அது செய்தி. மெஷினை எந்த அளவில் வைப்பது என்று அவருடைய டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் போடுங்கள்.

தெற்குவாசல்:

வாங்கிய கடையில் 5 லிட்டர் என்றுதான் சொன்னார்கள். இன்றே சீட்டு எழுதி வாங்குகிறோம். நன்றி.

ரிங்ஃப்ரேம்:

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். நாம் பாதிப் பேர் எடுப்பது கேப்சூலைப் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலர். அதற்கு வேகமாக உறிஞ்ச வேண்டும். மூச்சே வாங்க முடியாத நாளில் எங்கே வேகமாக உறிஞ்சுவது? மருந்து கேப்சூலிலேயே தங்கிவிடும், "மருந்து கேக்கல" என்போம். என் டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, சளி நாட்களுக்கு அழுத்தும் பம்பும், பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார். அதில் சாதாரணமாக மூச்சு விட்டாலே உள்ளே போகிறது. சளி பிடித்திருக்கிறது என்று தினசரி இன்ஹேலரை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், "நெஞ்சு காய்ஞ்சிரும்" என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை.

சளி போன பிறகும் பழைய நிலைக்கு வர எனக்கு ரொம்ப நாள் ஆகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

குழல்பார்வை:

சோம்பேறித்தனம் இல்லை ஐயா. கிழக்கு லண்டனில் நோயாளிகளைத் தினமும் ஊதச் சொல்லிக் குறித்து வந்த ஆய்வு ஒன்று 2000த்தில் வந்தது. ஒரு முறை மோசமாகிவிட்டால், 35 நாள் கழித்தும் நான்கில் ஒரு தடவை ஊதும் அளவு பழைய நிலைக்கு வரவில்லை. அந்த வாரங்களில் அடுத்த சளி வந்தால் இன்னும் கஷ்டம். வீட்டில் காட்டுங்கள் இதை. ஆனால் முழுக்கப் படுத்தும் கிடக்காதீர்கள், தினமும் முடிந்த அளவு நடங்கள். கால் தசை கரைந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும்.

சிறுமலைமகள்:

இன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். நல்ல நாள் கணக்கை நோட்டில் எழுதி எடுத்துப் போனதால் டாக்டர் இந்த முறை உட்கார வைத்துப் பேசினார். அவர் எழுதித் தந்ததை என் வார்த்தையில் போடுகிறேன், இது அப்பாவுக்கு மட்டும்.

மூக்கு ஒழுகினால்: தினசரி இன்ஹேலர் நிற்கக் கூடாது, எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். காய்ச்சல் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டெரிஃபிலினை நிறுத்திவிட்டார். மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு.

மூச்சு வாங்குவது வழக்கத்தைவிடக் கூடினாலோ கோழை கூடி நிறம் மாறினாலோ: பம்பும் ஸ்பேசரும், எத்தனை தரம் என்று எழுதியிருக்கிறார். அன்றே போன், அவர் சொன்ன பிறகு மாத்திரை. இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது, ஏற்கெனவே பல முறை அட்மிட் ஆனவர் என்பதால்.

பேசும்போது வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலமானால், குழப்பமாகப் பேசினால், தூங்கி வழிந்தால், ஆக்சிமீட்டர் 88க்குக் கீழே போனால்: போன் எல்லாம் வேண்டாம், 108. வண்டி வரும்வரை பம்ப்.

கட்டில் விவகாரத்தில் தற்காலிக சமாதானம். பையன் கீழே பாயில், தாத்தா மேலே. கை மட்டும் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள், கேட்டால் "சோப்பு போட்டாச்சு" என்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். புது ஸ்பேசர் வாங்கினோம், இதை எப்படிக் கழுவுவது? நெபுலைசர் கப் மாதிரி கொதிக்கவைக்கலாமா?

மருந்துக்கடை_ராத்திரி:

கொதிக்கவைக்காதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் நிழலில் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியதையும் முதல் தடவை இப்படிக் கழுவிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒரு தரம் கழுவினால் போதும். வாய் வைக்கும் இடத்தை மட்டும் தினமும் துடையுங்கள்.